அலகு போடாத ஐந்து எண்கள்: ஒரு நெல் மண்டி சர்வரின் நிகழ்வு ஆய்வு

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் நெல் மண்டியும் அரிசி ஆலையும் சேர்த்து நடத்தும் ஒரு குடும்பத்தின் கணக்கு சர்வர் இது. 32 ஜிபி மெமரி, சாதாரண ஹார்ட் டிஸ்க், லினக்ஸ், அதன் மேல் போஸ்ட்கிரெஸ் 15 என்ற தரவுத்தள மென்பொருள். முன்பு வேறொரு ஒப்பந்ததாரர் நிறுவிக் கொடுத்தது. பராமரிப்பு பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் கைக்கு வந்தபோது, அமைப்புகளை எழுதி வைக்கும் கான்ஃபிக் கோப்பில் மெமரியும் வட்டு இடமும் சம்பந்தப்பட்ட வரிகள் இப்படி இருந்தன:

ஷேர்டு_பஃபர்ஸ் = 8192
எஃபெக்டிவ்_கேஷ்_சைஸ் = 24576
வொர்க்_மெம் = 64
மெயின்டெனன்ஸ்_வொர்க்_மெம் = 1024
மேக்ஸ்_வால்_சைஸ் = 4096

முதல் வரி தரவுத்தளம் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் பொது மெமரி. இரண்டாவது, கேஷாக மொத்தம் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு. மூன்றாவது, அடுக்குவது போன்ற ஒவ்வொரு வேலைக்கும் தரும் மெமரி. நான்காவது, பராமரிப்பு வேலைக்குத் தருவது. ஐந்தாவது, மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் 'வால்' என்ற பதிவுக் கோப்புகள் வட்டில் எவ்வளவு வளரலாம் என்பது. எழுதியவர் என்ன நினைத்து எழுதினார் என்பது பார்த்ததுமே தெரிகிறது. 32 ஜிபியில் கால் பங்கு 8192 எம்பி, முக்கால் பங்கு 24576 எம்பி. எல்லா எண்ணும் எம்பி கணக்கு. நினைத்த அளவுகளில் தப்பு இல்லை. தரவுத்தளத்துக்கு மட்டும் ஒதுக்கிய இயந்திரத்தில் ஷேர்டு பஃபர்ஸ் கால் பங்கிலிருந்து தொடங்கலாம் என்றுதான் போஸ்ட்கிரெஸ் ஆவணமும் சொல்கிறது.

ஆனால் போஸ்ட்கிரெஸ் படித்தது வேறு. அலகு இல்லாத எண் வந்தால், ஒவ்வொரு அமைப்பும் தனக்கென்று வைத்திருக்கும் அடிப்படை அலகில் அதை எடுத்துக்கொள்ளும். ஷேர்டு பஃபர்ஸுக்கும் எஃபெக்டிவ் கேஷ் சைஸுக்கும் அந்த அலகு 8 கேபி பக்கம், அதாவது தரவுத்தளம் ஒரே துண்டாகப் படித்து எழுதும் அளவு. வொர்க் மெம்முக்கும் மெயின்டெனன்ஸ் வொர்க் மெம்முக்கும் கேபி. மேக்ஸ் வால் சைஸுக்கு எம்பி. ஆக, 8192 பக்கம் என்பது 64 எம்பி. 24576 பக்கம் 192 எம்பி. வொர்க் மெம் 64 கேபி. மெயின்டெனன்ஸ் 1 எம்பி. கடைசி வரி மட்டும் நினைத்தபடியே 4 ஜிபி.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் கடைசி வரிதான். ஐந்தும் ஒரே மாதிரி தவறியிருந்தால் யாராவது எப்போதோ பிடித்திருப்பார்கள். ஒன்று சரியாக வேலை செய்ததால், 'இங்கே எண் என்றால் எம்பி' என்ற நம்பிக்கைக்கு அதுவே சாட்சி ஆகிவிட்டது. வால் கோப்புகள் வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று பார்த்தவருக்கு 4 ஜிபி கணக்கு ஒத்துப்போயிருக்கும். அதற்குப் பிறகு மற்ற நான்கையும் சந்தேகப்பட அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

எப்படி வெளியே வந்தது

பிசான அறுவடை தொடங்கி நெல் வரத்து கூடியபோதுதான் புகார் வந்தது. பகல் வேலை, அதாவது எடைச்சீட்டுப் போடுவதும் முன்பணம் கழிப்பதும், ஒழுங்காகவே நடந்தது. ராத்திரி கடை அடைக்கும் முன் எடுக்கும் நாள் கணக்குதான் முடியவே மாட்டேன் என்றது. விவசாயி வாரியாக, ரகம் வாரியாக, பாக்கி வாரியாக அடுக்கிக் கூட்டும் அறிக்கை அது. "தம்பி, லோடுமேன் எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு, இந்தப் பெட்டி மட்டும் இன்னும் கணக்குப் பாத்துக்கிட்டே இருக்கு. இதுக்கு நோட்டே தேவல" என்றார் மண்டி அண்ணாச்சி. அவர் சொன்னதில் மிகை இல்லை.

அறிக்கை உள்ளே எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்ததும் விஷயம் பாதி விளங்கிவிட்டது. அடுக்கும் வேலை முழுக்க எக்ஸ்டர்னல் மெர்ஜ், அதாவது மெமரியில் இடம் இல்லாமல் வட்டில் துண்டு துண்டாக எழுதி ஒன்று சேர்ப்பது. டேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஹாஷ் ஜாயின்களும் அப்படியே. ஹாஷ் வேலைக்கு வொர்க் மெம்மைப்போல் இரண்டு மடங்கு தருவது போஸ்ட்கிரெஸ் 15-இன் வழக்கம்; ஆனால் 64 கேபியின் இரண்டு மடங்கு 128 கேபிதானே. 32 ஜிபி இயந்திரத்தில் ஓர் அறிக்கைக்கு இந்த அளவு! லாக் டெம்ப் ஃபைல்ஸ் அமைப்பை 0 ஆக்கி எல்லாத் தற்காலிகக் கோப்புகளையும் பதிவில் வரச் செய்தோம். பதிவேடு முழுக்க அவைதான்.

இரண்டாவது அடையாளம் வேக்யூம், அதாவது திருத்தியதாலும் நீக்கியதாலும் செத்துப்போன பழைய வரிகளைச் சுத்தம் செய்யும் வேலை. போஸ்ட்கிரெஸ் 16 வரைக்கும் வேக்யூம் ஒவ்வொரு செத்த வரியின் முகவரியையும் 6 பைட்டாக மெமரியில் பட்டியல் போடும். 1 எம்பியில் சுமார் 1.74 லட்சம் முகவரிதான் அடங்கும். பட்டியல் நிரம்பியதும் அந்த டேபிளின் எல்லா இன்டெக்ஸையும், அதாவது தேடலுக்கான அட்டவணைகளையும், தலை முதல் கால் வரை ஒருமுறை படித்துச் சுத்தம் செய்துவிட்டு, திரும்பவும் பட்டியலைத் தொடங்கும். 20 லட்சம் செத்த வரி சேர்ந்துவிட்டால் 12 சுற்று. நினைத்தபடி 1 ஜிபி கிடைத்திருந்தால் ஒரே சுற்றில் முடிந்துபோகும். எடைச்சீட்டு டேபிள் நாள் முழுக்கத் திருத்தப்படும் டேபிள், அதற்கு இன்டெக்ஸும் அதிகம். ராத்திரி அறிக்கை ஓடும் நேரத்தில்தான் இந்த வேலையைத் தானாக நடத்தும் ஆட்டோவேக்யூமும் அதே வட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

சரி, இவ்வளவு காலம் ஏன் தெரியவில்லை? ஷேர்டு பஃபர்ஸ் 64 எம்பி என்றாலும் மிச்ச மெமரி சும்மா கிடக்கவில்லை. லினக்ஸ் அதை வட்டின் நகலை வைத்துக்கொள்ளும் கேஷாகப் பயன்படுத்தியது. அதனால் சிறிய கேள்விகள் வேகமாகவே வந்தன. ஃப்ரீ கட்டளை போட்டுப் பார்த்தாலும் மெமரி நிறைந்திருப்பதாகத்தான் தெரியும். சர்வர் விழவில்லை, பிழை எதுவும் வரவில்லை. மெதுவாக இருந்தது, அவ்வளவுதான். அலகுப் பிழையில் மோசமான வகை இது. அதிகமாகக் கேட்டிருந்தால் லினக்ஸ் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொன்று தகவல் சொல்லியிருக்கும். குறைவாகக் கேட்டால் அதை யாரும் சொல்வதில்லை.

இரண்டு முறை கைக்கு எட்டி நழுவியது

பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது, இந்தப் பிழை முன்பே இரண்டு முறை வெளியே தலைகாட்டியிருப்பது தெரிந்தது.

வொர்க் மெம் முதலில் 64 இல்லை, 32. அதற்குக் குறைந்தபட்ச எல்லை 64 கேபி என்பதால் சர்வர் ஏற்கவில்லை. பிழைச் செய்தியில் '32 கேபி எல்லைக்கு வெளியே இருக்கிறது' என்று அலகோடுதான் இருந்தது. ஆனால் எல்லையைச் சொன்ன இடத்தில் 64 என்று வெறும் எண். அவசரத்தில் இருப்பவர் கண்ணில் அந்த 64 பட்டிருக்கும், 32-ஐ 64 ஆக்கியிருப்பார், சர்வர் எழுந்திருக்கும். மெயின்டெனன்ஸுக்கு இந்த வாய்ப்பும் இல்லை. அந்தப் பதிப்பில் அதன் குறைந்தபட்சம் சரியாக 1024 கேபி. கோப்பில் இருந்ததும் 1024. எல்லைக்கோட்டின் மேலேயே நின்று உள்ளே போய்விட்டது.

இரண்டாவது முறை, மண்டியிலேயே கணினி பார்க்கும் இளைஞர் ஷேர்டு பஃபர்ஸை 8ஜி என்று மாற்றியிருக்கிறார். அவர் முன்பு மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் வேலை பார்த்தவர். அங்கே கான்ஃபிக் கோப்பில் கே, எம், ஜி என்று ஓர் எழுத்துப் போட்டால் போதும், பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ கவலையில்லை. போஸ்ட்கிரெஸ் அதை ஏற்காது. பைட்டுக்கு பெரிய பி. அப்புறம் கேபி, எம்பி, ஜிபி, டிபி. இவற்றில் கேபியின் கே மட்டும் சின்ன எழுத்து, மற்றதெல்லாம் பெரிய எழுத்து. வேறு எப்படி எழுதினாலும் செல்லாது. ரீஸ்டார்ட் செய்தபோது சர்வர் எழவில்லை. எந்த அலகுகள் செல்லும் என்று ஒரு குறிப்பை போஸ்ட்கிரெஸ் கொடுத்திருந்தது, ஆனால் அது பதிவேட்டில். அவர் பார்த்த நிர்வாகத் திரையில் 'சர்வீஸ் தொடங்கவில்லை' என்பது மட்டும். வாசலில் வண்டிகள் நிற்கின்றன. பழைய 8192-ஐத் திரும்பப் போட்டுவிட்டார். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அலகு போட்டு எழுதியது நிராகரிக்கப்பட்டது, அலகு போடாமல் எழுதியது ஏற்கப்பட்டது. இந்த ஆய்வில் நான் கண்டதிலேயே முக்கியமானது இதுதான். சரியான பழக்கத்துக்குத் தண்டனையும் தவறான பழக்கத்துக்கு வரவேற்பும் கொடுக்கும் வடிவமைப்பு, எழுதுபவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் அவரைத் தவறின் பக்கமே தள்ளும்.

இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு

போஸ்ட்கிரெஸ்ஸில் அலகு எழுதும் வசதி வந்தது 8.2 பதிப்பில், 2006 டிசம்பரில். அதற்கு முன் எல்லாம் வெறும் எண்தான். ஷேர்டு பஃபர்ஸின் இயல்பு மதிப்பு 1000, அதாவது 1000 பக்கம், ஏறக்குறைய 8 எம்பி. வொர்க் மெம்மின் இயல்பு மதிப்பு 1024, அது கேபி. உள்ளே இருக்கும் நிரல் பஃபர்களைப் பக்கமாக எண்ணுவதால் கோப்பிலும் பக்கம். நிரலுக்கு வசதியான அளவு அப்படியே பயனர் தலையில் இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் நிலையானதும் இல்லை. கம்பைல் செய்யும்போது அதை 1 கேபியிலிருந்து 32 கேபி வரை மாற்றலாம். அப்படி மாற்றினால் அதே 1000 வேறு அளவாகிவிடும்.

2006-இல் செய்த மாற்றம் நல்ல மாற்றம். 32எம்பி என்று எழுதினால் 32 எம்பி கிடைத்தது. பழைய கோப்புகள் உடையக் கூடாது என்று வெறும் எண்ணையும் தொடர்ந்து ஏற்றார்கள். அன்றைக்கு அது நியாயம். ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு முடிவுத் தேதி வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. சில பதிப்புகளுக்கு எச்சரிக்கை, அப்புறம் நிராகரிப்பு என்று போயிருந்தால் அம்பாசமுத்திரத்தில் இந்த ஐந்து வரி பிறந்திருக்காது.

மற்றத் தரவுத்தள மென்பொருள்கள் எடுத்த வழிகளையும் பார்த்தோம். எஸ்கியூலைட்டின் கேஷ் சைஸில் நேர்க்குறி எண் என்றால் பக்கம், எதிர்க்குறி எண் என்றால் 1024 பைட் கணக்கில் கேபி. 2016-இல் வந்த 3.12.0 பதிப்பில் பக்க அளவை 1024 பைட்டிலிருந்து 4096-க்கு உயர்த்தினார்கள். கேஷ் பக்கக் கணக்கிலேயே இருந்தால் மெமரி நான்கு மடங்காகிவிடும் என்பதால், அதே பதிப்பில் இயல்பு மதிப்பை 2000-லிருந்து -2000-க்கு மாற்றினார்கள். உள் அளவு வெளியே தெரிந்தால் ஒருநாள் வந்து சேரும் தொல்லைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ரெடிஸ் கோப்பில் 4ஜி என்றால் 400 கோடி பைட். 4ஜிபி என்றால் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். மைஎஸ்கியூஎல்லில் கோப்பில் 8ஜி செல்லும், ஓடும் சர்வரில் செட் குளோபல் கட்டளையில் செல்லாது. அங்கே பைட்டாகவோ பெருக்கல் கணக்காகவோ எழுத வேண்டும். மாங்கோடிபி அலகை அமைப்பின் பெயரிலேயே சேர்த்து கேஷ் சைஸ் ஜிபி என்று வைத்தது. குழப்பத்துக்கு அங்கே இடமே இல்லை, ஆனால் சின்ன இயந்திரத்தில் 0.25 என்று பின்னம் எழுதும்படி ஆகிறது.

நாங்கள் வடிவமைத்தது

ஒரு சர்வரைத் திருத்துவது சின்ன வேலை. அதே ஒப்பந்ததாரரின் வார்ப்புக் கோப்பு கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவிப் பக்கம் வேறு ஆலைகளுக்கும் போயிருந்தது, அவற்றில் சிலவும் எங்கள் பராமரிப்புக்கு வந்தன. எனவே ஆலைக்கு ஒரு சின்ன அமைப்புக் கோப்பு, அதைப் படித்துச் சரிபார்த்து போஸ்ட்கிரெஸ் கோப்பை எழுதித் தரும் ஒரு கருவி என்று முடிவு செய்தோம்.

முதல் விதி எங்களுக்கு மண்டியிலிருந்தே கிடைத்தது. கோளாறு என்னவென்று அண்ணாச்சியிடம் விளக்க வேண்டியிருந்தது. ஒரு சீட்டில் நூறு என்று மட்டும் எழுதி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நூறுன்னா என்ன நூறு? கிலோவா, மூட்டையா? மூட்டைன்னா எந்த மூட்டை? அப்படிச் சீட்ட நான் கையிலயே வாங்க மாட்டேன்" என்றார். அரசுக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ, தனியார் வியாபாரத்தில் 75 கிலோ மூட்டையும் உண்டு. பெரியவர்கள் இன்னும் 21 மரக்கால் ஒரு கோட்டை என்று பேசுவார்கள், மரக்காலும் ஊருக்கு ஊர் மாறும். அந்த மண்டியின் மென்பொருளே மூட்டைக்குப் பக்கத்தில் கிலோ போடாமல் சீட்டைச் சேமிக்க விடாது.

அதே விதியை மெமரிக்கும் வைத்தோம். வெறும் எண் செல்லாது. இது இன்ன அலகாக இருக்கலாம் என்று கருவி ஊகிக்காது; எச்சரித்துவிட்டு ஏற்கவும் செய்யாது. 0, -1 போன்ற தனிப் பொருள் கொண்ட எண்களையும் விலக்கினோம். போஸ்ட்கிரெஸ்ஸில் வால் பஃபர்ஸ் -1 என்றால் ஷேர்டு பஃபர்ஸைப் பார்த்துத் தானே கணக்கிடு என்று பொருள். லாக் டெம்ப் ஃபைல்ஸ் -1 என்றால் பதிவு வேண்டாம், 0 என்றால் எல்லாவற்றையும் பதி. எங்கள் கோப்பில் 'தானாக', 'வேண்டாம்', 'எல்லாம்' என்று சொல்லாகவே எழுத வேண்டும். கருவி அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும்.

எழுத்து விஷயத்தில் எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. "அண்ணே, போஸ்ட்கிரெஸ் கறாரா இருக்கறதுலயும் நியாயம் இருக்கே. சின்ன எம் மில்லி, பெரிய எம் மெகா. பள்ளிக்கூடத்துல அப்படித்தானே படிச்சோம்" என்றாள் எங்களோடு வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி. படிப்பளவில் அது சரி. ஆனால் மெமரியில் மில்லிபைட் என்று ஒன்று கிடையாது, பிட் கணக்கில் யாரும் மெமரி ஒதுக்குவதும் இல்லை. யாரும் எழுதவே முடியாத ஒரு பொருளைப் பாதுகாக்க, எல்லோரும் எழுதுகிற ஒன்றை நிராகரிப்பது எனக்குச் சம்மதமில்லை. கடைசியில், பெரிய எழுத்து சின்ன எழுத்து எப்படி இருந்தாலும் படித்துக்கொள்வது, ஆனால் திரும்ப எழுதும்போது போஸ்ட்கிரெஸ் கேட்கும் வடிவில் மட்டும் எழுதுவது என்று முடிந்தது. ஓரெழுத்து அலகை மட்டும் அவள் விடவில்லை, ரெடிஸ் உதாரணத்தைக் காட்டி எதிர்த்தாள். அது நல்ல வாதம். 8ஜி என்று எழுதினால் எங்கள் கருவியும் நிராகரிக்கும். ஆனால் '8ஜிபி என்று எழுதவும்' என்பதை வேலை பார்ப்பவர் கண்முன்னே, அதே திரையில் சொல்லும்.

பெருக்கும் எண் 1024, வேறு இல்லை. 1000 கணக்குக்கும் இதற்கும் ஜிபியில் 7.4 சதவீதம், டிபியில் ஏறக்குறைய 10 சதவீதம் வித்தியாசம் வரும். 1024-க்கென்றே கிபி, மெபி என்ற தனிப் பெயர்களைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் கொண்டுவந்தது. அவற்றை எடுக்கலாமா என்று பேசினோம். போஸ்ட்கிரெஸ் கோப்பில் எம்பி, எங்கள் கோப்பில் வேறு பெயர் என்றால் ஆலையில் இருப்பவருக்கு இரட்டை வேலை. விட்டுவிட்டோம்.

பின்னமும் இல்லை. போஸ்ட்கிரெஸ் 12 முதல் 30.1ஜிபி என்று எழுதலாம், ஆனால் அதை அடுத்த சிறிய அலகின் முழு எண்ணாக்கி 30822 எம்பியாக எடுத்துக்கொள்ளும். எழுதியது ஒன்று, திரும்பக் காட்டுவது இன்னொன்று. 1.5 ஜிபி வேண்டுமானால் 1536எம்பி என்று எழுதட்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது கருவி கடைசியில் காட்டும் அட்டவணையை. ஒவ்வொரு அமைப்பும் அலகோடு, பக்கத்திலேயே அது மொத்த மெமரியில் எத்தனை சதவீதம் என்ற கணக்கோடு வரும். பழைய கோப்பை அதில் ஓட்டிப் பார்த்தோம்: ஷேர்டு பஃபர்ஸ் 64 எம்பி, 0.2 சதவீதம். அலகுப் பிழை என்பது பொதுவாக நூறு மடங்கு, ஆயிரம் மடங்குப் பிழை. பங்காகக் காட்டினால் தரவுத்தளம் தெரியாதவர் கண்ணிலும் அது உறுத்தும். வொர்க் மெம்முக்கு மட்டும் கணக்கு வேறு. அது சர்வருக்கு ஒன்று இல்லை, ஒவ்வொரு இணைப்பிலும் ஒவ்வொரு அடுக்கும் வேலைக்கும் தனித்தனி. ஆகவே இணைப்பு எண்ணிக்கையால் பெருக்கிக் காட்டுகிறோம். 100 இணைப்பு, 32 எம்பி என்றால், ஆளுக்கு ஒரு வேலை என்று வைத்தாலே 3200 எம்பி.

திருத்தம்

மண்டி சர்வரில் வொர்க் மெம் 32எம்பி, எஃபெக்டிவ் கேஷ் சைஸ் 24ஜிபி, மெயின்டெனன்ஸ் 1ஜிபி. மூன்றுக்கும் ரீலோட், அதாவது சர்வரை நிறுத்தாமலே கோப்பைத் திரும்பப் படிக்க வைப்பது போதும், பகலிலேயே மாற்றினோம். ரீலோடுக்கு முன் பிஜி ஃபைல் செட்டிங்ஸ் என்ற வியூவில் பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள முடியும். இதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. ஷேர்டு பஃபர்ஸ் 8ஜிபி ஆக ரீஸ்டார்ட் தேவை, அது கடை அடைத்த பிறகு. அன்றைக்கே நாள் கணக்கு சில நிமிடத்தில் வந்துவிட்டது. அடுக்கும் வேலைகளில் பெரும்பாலானவை வட்டுக்கே போகவில்லை.

சரிபார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு விஷயம். ஷோ கட்டளை 8ஜிபி என்று அலகோடு காட்டும். பிஜி செட்டிங்ஸ் வியூவில் அதே அமைப்பு 1048576 என்று இருக்கும், 8கேபி என்பது தனி நெடுவரிசையில். எண் இருக்கும் நெடுவரிசையை மட்டும் எடுத்துக் காட்டும் கண்காணிப்புத் திரையில் 1048576 என்று வெறும் எண்தான் தெரியும். அந்த மண்டியின் பழைய திரை அப்படித்தான் இருந்தது. இப்போது ஷோ தருவதையே எடுத்துக் காட்டுகிறது.

இன்னும் முடிவாகாதது சதவீதம். '25 சதவீதம்' என்று எழுத வசதி வேண்டும் என்று ஆலைக்காரர்கள் கேட்கிறார்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் மெமரி மாறுவதால் அது வசதிதான். ஆனால் பிற்பாடு மெமரி கூட்டினாலோ, அதே இயந்திரத்தில் வேறொரு மென்பொருள் வந்து உட்கார்ந்தாலோ, எதில் 25 சதவீதம் என்ற கேள்வி எழும். நிறுவும்போது ஒருமுறை கணக்கிட்டு ஜிபியாகவே எழுதிவிடலாம் என்பது என் பக்கம். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் கணக்கிடலாம் என்பது அந்தத் தங்கை பக்கம். கார் அறுவடைக்கு முன் மற்ற ஆலைகளில் கருவியைப் போட வேண்டியிருப்பதால், இப்போதைக்குச் சதவீதம் இல்லாமலே அனுப்புகிறோம்.